கேட்டதும் சொன்னதும்: விமானிக்கு முடிவெடுக்கக் கணினித் திரை கற்றுத்தருமா?

இந்த இதழில் ஒரே பொருள்தான்: விமானிகளின் முடிவெடுக்கும் திறனை வளர்க்கும் கணினிவழிப் பயிற்சி. பயிற்சி வடிவமைப்போர், இன்ஸ்ட்ரக்டர்கள், மாணவ விமானிகள் எனப் பல தரப்பிலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன.

கேள்வி: ஒரு விமான நிறுவனத்துக்காக முடிவெடுத்தல் பாடம் தயாரித்தோம். ‘எனக்கு ஒன்றும் ஆகாது’ போன்ற ஐந்து அபாய மனப்போக்குகள், முடிவெடுக்க வழிகாட்டும் ‘டிசைட்’ படிநிலைகள், கடைசியில் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் இருபது கேள்விகள். எல்லாரும் தொண்ணூறுக்கு மேல் வாங்குகிறார்கள். ஆனால் சிமுலேட்டரில் எந்த மாற்றமும் தெரியவில்லை என்கிறார்கள். எங்கே கோளாறு? (மின்-பயிற்சி வடிவமைப்பாளர்)

கோளாறு அந்த நான்கு விடைகளில்தான். ‘இப்போது ஒரு முடிவு எடுக்க வேண்டும்’ என்பதை உங்கள் திரையே சொல்லிவிடுகிறது. என்னென்ன வழிகள் உண்டு என்பதையும் அதுவே வரிசையாக அடுக்கிக் கொடுத்துவிடுகிறது. காக்பிட்டில் இந்த இரண்டையும் விமானிதான் கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலான விமானிகள் சறுக்குவதும் அங்கேதான்.

அமெரிக்காவில் 1970 முதல் 1974 வரை நடந்த சிறு விமான விபத்துகளை ஜென்சனும் பெனலும் 1977-ல் ஆராய்ந்தார்கள். உயிரிழப்பு நேர்ந்த விபத்துகளில் விமானியின் பிழை என்று சொல்லப்பட்டவற்றுள் பாதிக்குச் சற்று மேல் முடிவெடுத்தலில் நேர்ந்தவை. கை பழக்கக் குறை அல்ல. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1994-ல் வெளியிட்ட ஆய்வு, 1978–1990 காலத்தின் 37 பெரும் விபத்துகளை எடுத்துக்கொண்டது. அதை நாசாவின் ஜூடித் ஒரசானு குழு மறுபடி அலசியபோது முன்னால் வந்து நின்ற பிழை, தொடங்கிய திட்டத்தையே விடாப்பிடியாகத் தொடர்வது. நிலைமை மாறியிருக்கும்; அறிகுறிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கும்; ஆனால் ‘இது இனி வேறு பயணம்’ என்று யாரும் நின்று பார்த்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்டவரிடம் நான்கு விடைகளை நீட்டினால் சரியானதைத்தான் தொடுவார். அதனால் தொண்ணூறு மதிப்பெண்ணில் வியப்பில்லை.

ஐந்து மனப்போக்குகள் எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம்) 1991-ல் வெளியிட்ட ஆலோசனைச் சுற்றறிக்கையிலேயே இருப்பவை. ‘எனக்கு ஒன்றும் ஆகாது என்று நினைப்பது சரியா?’ என்று கேட்டால் எந்த விமானியும் ‘சரி’ என்று சொல்லப்போவதில்லை. ‘டிசைட்’, லுஃப்தான்சா வழிவந்த ‘ஃபோர்டெக்’, பிரிட்டிஷ் ஏர்வேஸ் பயன்படுத்திய ‘டோடார்’ போன்ற படிநிலைகள் பயனற்றவை அல்ல. காக்பிட்டில் இருக்கும் இருவரும் ஒரே வரிசையில் பேச அவை உதவும். ஆனால் பிரச்சினை இருப்பதே தெரிந்த பிறகுதான் அவற்றுக்கு வேலை.

ஆகவே விடைப் பட்டியலை எடுத்துவிடுங்கள். விமானி தகவலைக் கேட்டுப் பெறும்படி திரையை மாற்றுங்கள்: வானிலை அறிக்கை, எரிபொருள் பக்கம், ஏடிசி (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு), கேபின், மாற்று விமான நிலையம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தான். அழுத்தினால்தான் தகவல் வரும், அழுத்துவதற்கு நேரமும் செலவாகும். முடிவு என்ற பொத்தான் எப்போதும் திரையில் இருக்கட்டும்; எப்போது அழுத்த வேண்டும் என்பதை அவரே தீர்மானிக்கட்டும்.

கேள்வி: பாடத்துக்கான சூழல்களை எங்கிருந்து எடுப்பது? மூத்த கேப்டன்களைக் கேட்டால் கையேட்டில் இருப்பதையே திருப்பிச் சொல்கிறார்கள். (பயிற்சித் துறை மேலாளர்)

‘நீங்கள் எப்படி முடிவெடுப்பீர்கள்?’ என்று கேட்டால் கையேடுதான் வரும். தேர்ந்தவர்கள் பெரும்பாலும் வழிகளை ஒப்பிட்டுப் பார்ப்பதே இல்லை. பார்த்த மாத்திரத்தில் ‘இது இன்ன வகை நிலைமை’ என்று இனங்கண்டு, முதலில் தோன்றும் வழியை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டுச் செய்கிறார்கள். உளவியலாளர் கேரி க்ளைன் தீயணைப்புப் படைத் தலைவர்களிடம் கண்டது இது. எதைப் பார்த்து இனங்கண்டார் என்பதை அவருக்கே சட்டென்று சொல்லத் தெரியாது.

அதை வெளியே எடுக்கத்தான் க்ளைன் குழு உருவாக்கிய முக்கிய முடிவு நேர்காணல் முறை இருக்கிறது. கேப்டன் தாமே முடிவெடுத்த, சிரமமான ஒரு நிகழ்வை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் குறுக்கிடாமல் கேளுங்கள். இரண்டாவதில் நிமிட வாரியாகக் காலக்கோடு போட்டு, நிலைமை பற்றிய அவருடைய கணிப்பு மாறிய இடங்களை அடையாளமிடுங்கள். மூன்றாவதில் அந்த இடங்களை மட்டும் குடையுங்கள்: அப்போது எதைப் பார்த்தீர்கள், எதைக் கேட்டீர்கள், எது இல்லாதது உறுத்தியது, அடுத்து என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள்? நான்காவதில் ‘இப்படி இருந்திருந்தால்?’ என்ற கேள்விகள்; முக்கியமாக, ‘நேற்று உரிமம் வாங்கியவர் இந்த இடத்தில் எதைத் தவறவிட்டிருப்பார்?’. பாடத்துக்கான சரக்கில் பெரும்பகுதி இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில் இருக்கும்.

ஒருவருக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஏழெட்டுப் பேரிடம் பேசிய பிறகு புதிய அறிகுறி எதுவும் வரவில்லையென்றால் நிறுத்திக்கொள்ளலாம். பிறகு ஒரு அட்டவணை: முடிவு, அதற்கான அறிகுறிகள், அவை ஏன் கண்ணுக்குத் தப்பும், வழக்கமான பிழை, சரிபார்க்க எந்தத் தகவல் வேண்டும். அட்டவணையின் ஒரு வரிதான் ஒரு சூழலின் விதை.

கேள்வி: ஒரு சூழலை உள்ளே திறந்து காட்ட முடியுமா? எண்களோடு இருந்தால் நல்லது. (இன்ஸ்ட்ரக்டர்)

இரட்டை எஞ்சின் கொண்ட நடுத்தர ஜெட். சேரவேண்டிய இடத்தில் இடிமழை. ஹோல்டிங் புள்ளியில் சுற்றிக்கொண்டிருக்கச் சொல்கிறார்கள். தொட்டியில் 4,900 கிலோ. நிமிடத்துக்கு 40 கிலோ எரிகிறது. ஹோல்டிங் புள்ளியிலிருந்து நேரே மாற்று நிலையம் போக 1,900 கிலோ. தரையிறங்கும்போது தொடாமல் மிஞ்சியிருக்க வேண்டிய இறுதிக் கையிருப்பு 30 நிமிடத்துக்கு 1,200 கிலோ. விமானி உடனே போடும் கணக்கு: 1,900-உம் 1,200-உம் சேர்ந்து 3,100, மீதி 1,800, அதாவது 45 நிமிடம் சுற்றலாம்.

அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. புள்ளியை விட்டுக் கீழே இறங்கி, ஓடுபாதை தெரியாமல் கோ-அரவுண்ட் செய்து (இறங்குவதைக் கைவிட்டு) மறுபடி மேலே வர இன்னும் 600 கிலோ ஆகும். ஒருமுறையாவது இறங்கிப் பார்த்துவிட்டு, முடியாவிட்டால் மாற்று நிலையம் போக வேண்டுமானால், புள்ளியை விடும்போது 3,700 கிலோ இருக்க வேண்டும். அப்படியானால் சுற்ற இருப்பது 30 நிமிடம்தான், 45 அல்ல. இந்த இடைவெளியில்தான் சூழல் முழுவதும் கட்டப்பட்டிருக்கிறது.

முதலில் ஏடிசி, அப்ரோச் (தரையிறங்க ஓடுபாதையை அணுகும் வாய்ப்பு) 20 நிமிடத்தில் கிடைக்கும் என்கிறது. எட்டாம் நிமிடத்தில் முன்னால் போன விமானம் கோ-அரவுண்ட் செய்வது வானொலியில் கேட்கிறது. வேறொரு விமானத்துக்கான பேச்சு என்பதால் திரையில் எழுத்தாக வராது, காதில் மட்டும் விழும். பத்தாம் நிமிடத்தில் கேபினிலிருந்து இணைப்பு விமானம் பற்றி ஒரு கேள்வி. அது கவனத்தை இழுக்க வைத்தது, வேறு பயன் இல்லை. பதினான்காம் நிமிடத்துக்குப் பிறகு மாற்று நிலையத்தைப் பற்றிக் கேட்பவருக்கு மட்டும் ஒரு செய்தி: ஏற்கெனவே மூன்று விமானங்கள் அங்கே திருப்பி விடப்பட்டிருக்கின்றன, நிறுத்துமிடம் நிரம்பிவருகிறது. கேட்காதவருக்கு அது தெரியவே தெரியாது.

இருபதாம் நிமிடத்தில் ஏடிசி மறுபடி பேசுகிறது: இன்னும் 15 நிமிடம். அப்போது தொட்டியில் 4,100. நாற்பத்தைந்து என்று நினைத்திருப்பவர், முப்பத்தைந்து அதற்குள் அடங்கும் என்று நிம்மதியாகச் சுற்றுவார். முப்பதைக் கணக்கில் வைத்திருப்பவருக்கு முடிவெடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அப்போதே தெரியும். 35-ஆம் நிமிடத்தில் 3,500 கிலோவோடு இறங்கி, கோ-அரவுண்ட் செய்தால் 2,900. மாற்று நிலையத்தில் தரைதொடும்போது 1,000. இறுதிக் கையிருப்பைவிட 200 கிலோ குறைவு. அந்தக் கணக்குத் தெரிந்த கணத்திலேயே, ஐகாவோ (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) விதிப்படி ‘மேடே ஃபியூவல்’ என்று எரிபொருள் அவசரநிலையை அறிவிக்க வேண்டும்.

இதில் விமானி எங்கே போனார் என்பதைவிட, 20-ஆம் நிமிடத்தில் எரிபொருள் பக்கத்தைத் திறந்தாரா, புள்ளியை விட வேண்டிய அளவு 3,700 என்று எந்த நிமிடத்தில் எழுதினார், மாற்று நிலையத்தை எப்போது விசாரித்தார் என்பவைதான் அளக்க வேண்டியவை. எண்களை உங்கள் விமான வகைக்கும் நிறுவனக் கையேட்டுக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். பொருந்தாத எரிபொருள் எண் ஒன்று வந்தால் போதும், விமானிகள் பாடத்தை விட்டுவிட்டு எண்ணைப் பற்றியே பேசுவார்கள்.

கேள்வி: ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு கிளை போட்டால் நிரல் கட்டுக்கடங்காமல் போகிறது. என்ன செய்வது? (நிரலாளர்)

ஐந்து இடங்களில் மும்மூன்று வழிகள் என்றால் 243 முடிவுகள். யாராலும் எழுதித் தீர்க்க முடியாது. கதையைக் கிளைகளாக எழுதாதீர்கள். எரிபொருள், நேரம், சேருமிட வானிலை, மாற்று நிலைய வானிலை, பணிச்சுமை என ஐந்தாறு மாறிகளை வைத்துக்கொள்ளுங்கள். விமானியின் ஒவ்வொரு செயலும் அவற்றைக் கூட்டும், குறைக்கும். நிகழ்வுகள் நேரத்துக்கோ மாறியின் அளவுக்கோ ஏற்பத் தாமே எழும். எழுத வேண்டிய முடிவுகள் ஐந்தாறாகச் சுருங்கிவிடும்.

ஒரு எச்சரிக்கை: ஒருவர் எதிர்பாராத விதமாக முன்கூட்டியே டைவர்ட் செய்து மாற்று நிலையத்துக்குத் திரும்பிவிட்டால், கதையைக் காப்பாற்றுவதற்காக ஏடிசி வாயிலாக அவரை மறுத்துத் திருப்பி அழைக்காதீர்கள். பல பாடங்களில் இந்தத் தந்திரம் இருக்கிறது. சரியாகச் செய்தவரைத் தண்டிப்பது அது.

கேள்வி: திரை ஓரத்தில் குறைந்துகொண்டே வரும் கடிகாரம் வைத்தால் நிஜமான அழுத்தம் வருமா? (மின்-பயிற்சி வடிவமைப்பாளர்)

வரும். ஆனால் தவறான பாடமும் கூடவே வரும். கடிகாரம் ஓடினால் எல்லாவற்றையும் விரைந்து முடிக்கப் பார்ப்பார்கள். எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கணிப்பதே முடிவெடுத்தலின் முதல் பாதி. அதைத் திரை செய்துவிடக் கூடாது.

இரு எல்லைகளைப் பாருங்கள். 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் பறவைகள் மோதி இரண்டு எஞ்சினும் உந்துவிசை இழந்த யுஎஸ் ஏர்வேஸ் 1549, மூன்றரை நிமிடத்தில் ஹட்சன் ஆற்றில் இறங்கியது. பின்னர் சிமுலேட்டரில் சோதித்தபோது, மோதிய மறுகணமே திரும்பினால் லாகார்டியா ஓடுபாதையை எட்ட முடிந்தது. நிலைமையைப் புரிந்துகொள்ள 35 வினாடி கொடுத்துப் பார்த்தபோது எட்ட முடியவில்லை. 2010 நவம்பர் 4-ல் சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய குவாண்டாஸ் 32-ல் ஒரு எஞ்சின் வெடித்துச் சிதறி, எச்சரிக்கைகள் மழையாகக் கொட்டின. ஆனால் விமானம் பறந்துகொண்டிருந்தது, எரிபொருள் இருந்தது. ஐம்பது நிமிடம்போல ஹோல்டிங்கில் இருந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகே தரையிறங்கினார்கள்.

நேரம் இருந்தும் அவசரப்பட்டதற்கு எடுத்துக்காட்டு 1989 ஜனவரி 8, இங்கிலாந்தின் கெக்வொர்த் விபத்து. பழுதானது இடது எஞ்சின், நிறுத்தப்பட்டது வலது. நிறுத்தும்போது ஆட்டோத்ராட்டில் (எஞ்சின் விசையைத் தானே சரிசெய்யும் அமைப்பு) விடுபட்டதில் இடது எஞ்சினின் அதிர்வும் புகை வாடையும் தணிந்தன. செய்தது சரிதான் என்று தோன்றியது. நடந்ததை மறுபடி அலசக் கேப்டன் தொடங்கியபோது வானொலி குறுக்கிட்டது. அலசல் அப்படியே நின்றது. 47 பேர் இறந்தார்கள். உங்கள் பாடத்தில் இந்த அமைப்பை அப்படியே பயன்படுத்தலாம்: தவறான செயலுக்குப் பின் அறிகுறி தற்காலிகமாகத் தணியட்டும், மறுபரிசீலனை தொடங்கும் நொடியில் ஒரு அழைப்பு வரட்டும். அழைப்பு முடிந்ததும் விட்ட இடத்துக்குத் திரும்புகிறாரா என்று பாருங்கள்.

கேள்வி: டேக்-ஆஃப் ஓட்டத்தில் நிறுத்துவதா, போவதா என்பதையும் கணினியில் பழக்கலாமா? (துணை விமானி)

அந்தக் கை-கால் வேலை முழுச் சிமுலேட்டருக்கு உரியது. மவுஸால் பழகினால் கெடுதல்தான். எதற்கு நிறுத்த வேண்டும், எதற்குக் கூடாது என்று பிரித்தறிவதை மட்டும் திரையில் பழக்கலாம். ஏர்பஸ்ஸில் 100 நாட், போயிங்கில் 80 நாட் வேகத்தைத் தாண்டியபின் நிறுத்துவதற்கான காரணங்கள் மிகவும் சுருங்கிவிடும். வேகத்தோடு சேர்த்து எச்சரிக்கையைக் காட்டி, ‘நிறுத்து’ அல்லது ‘போ’ என்று உடனே சொல்லவைக்கும் சிறு பயிற்சி போதும்.

கேள்வி: தவறான முடிவு எடுத்தவர் கடைசியில் பத்திரமாக இறங்கிவிடுகிறார். மதிப்பெண் எப்படிப் போடுவது? (பயிற்சி மதிப்பீட்டாளர்)

இறங்கியதற்கு மதிப்பெண் போடாதீர்கள். நிஜத்திலும் இதே சிக்கல்தான்: மோசமான முடிவு பத்துமுறை தப்பித்துவிடும், ஒவ்வொரு தப்பிப்பும் அதை இன்னும் உறுதியாக்கும். அதனால் மதிப்பிட வேண்டியது வழியை: முக்கிய அறிகுறி வந்ததிலிருந்து எத்தனை நிமிடத்தில் அதைக் கவனித்தார், முரண்பட்ட தகவலைத் தேடினாரா, முடிவெடுத்தபோது எத்தனை வழிகள் இன்னும் திறந்திருந்தன.

முடிந்ததும் காலக்கோட்டைக் காட்டுங்கள். மேலே அவர் செய்தவை, கீழே அதே சூழலைச் செய்த மூத்த கேப்டன்கள் முடிவெடுத்த நேர வரம்பு. ஒரே புள்ளியாக வேண்டாம், பட்டையாக இருக்கட்டும், ஏனெனில் கேப்டன்களுக்குள்ளும் கருத்து வேறுபாடு உண்டு. விமானம் நொறுங்கும் காட்சி வேண்டவே வேண்டாம். பயம் தங்கும், எந்த அறிகுறியைத் தவறவிட்டோம் என்பது மறந்துவிடும்.

இன்னொன்று. எல்லாச் சூழலிலும் டைவர்ட் செய்வதே சரி என்று வைத்தால், மூன்றாவது சூழலிலேயே அதைக் கண்டுகொள்வார்கள். பிறகு திறந்ததும் டைவர்ட்தான். மூன்றில் ஒன்றிலாவது தொடர்ந்து போவதே சரியாக இருக்கட்டும். மேலே சொன்ன ஹோல்டிங் சூழலிலேயே, முன்னால் போன விமானம் நல்லபடியாக இறங்கி, இருபதாம் நிமிடத்தில் அப்ரோச் கிடைக்கும் ஒரு மாற்று வடிவம் வேண்டும். தவறவிட்டதையும் வீணாகப் பயந்ததையும் தனித்தனியே எண்ணுங்கள். கூட்டிச் சராசரி போட்டால் இரண்டும் மறைந்துவிடும்.

கேள்வி: நான் சிறு விமானத்தில் பயிற்சி பெறும் மாணவி. மேகம் மோசமாவதை உரிய நேரத்தில் அறிய வீட்டுக் கணினியில் ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். விக்கின்ஸ், ஓஹேர் இருவரும் 2003-ல் வெளியிட்ட ‘வெதர்வைஸ்’ ஆய்வு இதைப் பற்றியதே: வானிலை கெடும்போது எந்தெந்த அறிகுறிகளைப் பார்க்க வேண்டும் என்று கணினியில் பழக்குவது. அந்த வழியில் நீங்களே செய்துகொள்ளலாம். விமானத்திலிருந்து முன்நோக்கி எடுத்த காணொளியிலிருந்து, வானிலை மெல்லக் கெடும் பகுதியில் பத்துப் பன்னிரண்டு படங்கள் எடுங்கள். தரையிலிருந்து எடுத்தவை உதவாது. அடிவானம் வேறுவிதமாகத் தெரியும். ஒவ்வொரு படத்திலும் மேகத்தளம், அடிவானக் கோடு, தரைக்கும் மேகத்துக்கும் உள்ள இடைவெளி, மழைத்திரை ஆகியவற்றை மட்டும் பாருங்கள். முதன்முதலில் ஏதோ மாறியது என்று எந்தப் படத்தில் சொல்வீர்கள், திரும்புவேன் என்று எந்தப் படத்தில்?

படங்களை அடுத்தடுத்துப் பார்த்தால் மாற்றம் பளிச்சென்று தெரிந்துவிடும், அது ஏமாற்று. பறக்கும்போது மாற்றம் மெதுவாக வரும், நடுவில் வேறு வேலை இருக்கும். ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் இடையே ஒரு நிமிடம் திசை, எரிபொருள் கணக்கு ஏதாவது போடுங்கள். 10,000 அடிக்குக் கீழே கண்பார்வைப் பறத்தலுக்கு ஐகாவோ பொதுவாக வைக்கும் எல்லை 5 கிலோமீட்டர் தெரிவு, மேகத்திலிருந்து செங்குத்தாக 1,000 அடி, கிடையாக 1,500 மீட்டர். இடத்துக்கு இடம் இது மாறும், உங்கள் இன்ஸ்ட்ரக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் ‘திரும்புவேன்’ படம் அந்த எல்லைக்கு முன்னால் இருக்க வேண்டும், எல்லையில் அல்ல.

கேள்வி: இதையெல்லாம் ஒரே நாளில் முடித்துவிடலாமா? பலன் கிடைத்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (பயிற்சித் துறை மேலாளர்)

ஒரே நாள் வேண்டாம். இருபது நிமிடச் சூழல் ஒன்று, வாரத்துக்கு ஒன்றாக, சிமுலேட்டர் பயிற்சிக்கு முந்தைய ஒன்றரை மாதத்தில் முடியட்டும். பலனைப் பார்க்க, கட்டமைப்பு அதே, கதை வேறு என்று ஒரு சூழலைச் சிமுலேட்டரில் கொடுங்கள். எரிபொருளுக்குப் பதிலாக, பணி நேர வரம்போ இருட்டும் நேரமோ நெருங்கட்டும். யார் பாடத்தை முடித்தவர், யார் முடிக்காதவர் என்பது மதிப்பிடுபவருக்குத் தெரியக் கூடாது.

தொழில்நுட்பத்தில் ஒன்றை ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். மின்-பாடங்களுக்கான பழைய ஸ்கார்ம் 1.2 தர வடிவில், பாடத்தை இடையில் நிறுத்திவிட்டுத் தொடர்வதற்கான நினைவு 4,096 எழுத்துகள்தான். ஒவ்வொரு சொடுக்கையும் நேரத்தோடு அதில் திணித்தால் பாதியில் நிரம்பிவிடும். விமானி மறுநாள் திறக்கும்போது முதலிலிருந்து தொடங்கும், அல்லது பதிவு அறுந்திருக்கும். ஸ்கார்ம் 2004 நான்காம் பதிப்பில் அது 64,000. சொடுக்குப் பதிவை எக்ஸ்-ஏபிஐ எனும் கற்றல் பதிவுத் தரத்தின் வழியாகத் தனிக் கிடங்குக்கு அனுப்புவது இன்னும் நல்லது. அந்தப் பதிவை யார் பார்க்கலாம், தண்டனைக்குப் பயன்படுத்தலாமா என்பதையும் விமானிகளோடு பேசி எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இரண்டாவது சூழலிலிருந்தே எல்லாரும் பாதுகாப்பான பொத்தானை மட்டும் அழுத்தத் தொடங்குவார்கள்.